தொலைந்தது யாருடைய காகிதம்?

நம் நாட்டில் ஒரு மனிதன் பிறந்து அறுபது வருடம் கழித்துக்கூடத் தன் பிறப்பைப் பதிவு செய்துகொள்ளலாம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 13-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அதற்கென்றே இருக்கிறது. ஓராண்டு தாண்டிய பிறப்பை ஒரு நடுவர் விசாரித்து, உண்மை என்று பட்டால் பதியச் சொல்லி உத்தரவு போடுவார். முன்பு அது முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் வேலை. 2023 திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட நிர்வாகத்தின் மட்டத்திலேயே முடிகிறது. அலைச்சல் உண்டு, செலவு உண்டு, ஆனாலும் வழி என்று ஒன்று உண்டு. ‘நீ பிறந்ததற்குக் காகிதம் இல்லை, ஆகவே நீ பிறக்கவில்லை’ என்று அந்தச் சட்டம் சொல்வதில்லை.

நிலத்துக்கும் அப்படித்தான். பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கிறது. பத்திரமே இல்லாமல், உரிமைக்காரன் கண்ணெதிரே பன்னிரண்டு வருடம் தொடர்ந்து அனுபவித்தவனுக்குக்கூட 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அது நியாயமா இல்லையா என்பது வேறு சண்டை. கதவு இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

ஆனால் திருவொற்றியூரில் செய்யப்பட்டு, அரசாங்கமே எண் கொடுத்து, அரசாங்கமே வரி வாங்கி, ஐம்பது வருடம் ஓடிய ஒரு புல்லட்டின் ஆர்.சி. புத்தகம் தொலைந்து, அலுவலகத்துப் பதிவேடும் காணாமல் போயிருந்தால் அதற்கு ஒரு கதவும் கிடையாது. மனிதனுக்கும் மண்ணுக்கும் இருக்கிற வழி இரும்புக்கு இல்லை. இதை ஏதோ பழைய வண்டிப் பைத்தியங்களின் புலம்பல் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் அரசு தன் கையில் இருந்த ஏட்டைத் தொலைத்துவிட்டு, தொலைந்ததற்கான தண்டனையைக் குடிமகன் தலையில் கட்டுவதைப் பற்றிய விஷயம் இது.

*

முதலில் எது மூலம், எது நகல் என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம்மில் பெரும்பாலானவர்கள் கையில் இருக்கும் ஆர்.சி.தான் அசல் என்று நினைக்கிறோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 41-ஆம் பிரிவைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. பதிவு செய்யும் அதிகாரி விவரங்களை ஒரு பதிவேட்டில் ஏற்ற வேண்டும், அந்தப் பதிவேட்டை அவர் பராமரிக்க வேண்டும் என்கிறது அது. ஆக, மூலம் அலுவலகத்தில் இருக்கிறது. நம் கையில் இருப்பது அந்த மூலத்தில் இன்ன வண்டி இன்னாருடையது என்று எழுதியிருப்பதற்கான சான்று, அவ்வளவுதான்.

சான்று தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 53-ஆவது விதி. காவல் நிலையத்தில் புகார் கொடு, அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவி, படிவம் 26-ஐ நிரப்பிக் கடைசியாகப் பதிந்த அலுவலகத்தில் கொடு. சரி. மூலமே தொலைந்தால்? அதற்கு விதி இல்லை. அலுவலகம் யாரிடம் புகார் கொடுக்க வேண்டும், எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும், எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும்? ஒன்றும் இல்லை. அரசாங்கம் தொலைக்காது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட விதிகள் இவை.

அரசாங்கம் தொலைக்கும். கரையான் தின்னும், கூரை ஒழுகும், அலுவலகம் வாடகைக் கட்டடம் மாறும்போது ஒரு மூட்டை வராண்டாவிலேயே தங்கிவிடும். மாவட்டங்கள் பிரியும். எங்கள் ஊர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர் ஒருகாலத்தில் செங்கற்பட்டு மாவட்டம். அப்புறம் அது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் ஆனது. 1997 ஜூலையில் அதைப் பிரித்துக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று ஆக்கினார்கள். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனியாகப் போனது. தமிழ்நாட்டின் பெரிய மாவட்டங்கள் பலவற்றுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு பிரிவினையிலும் ஏடுகள் லாரி ஏறுகின்றன. எல்லாம் இறங்குகின்றனவா என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்?

இதற்கு நடுவில் எண்களும் மாறின. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் எம்.எஸ். என்று தொடங்கும் மதராஸ் எண்கள். பிறகு டி.எம்., டி.என். என்று தொடங்கும் மூன்றெழுத்து எண்கள். 1988 சட்டம் வந்த பிறகு டி.என். என்ற எழுத்தும் அலுவலகத்தின் எண்ணும். காஞ்சிபுரத்துக்கு டி.என். 21. இவை அத்தனையையும் கையெழுத்து ஏடுகளிலிருந்து எடுத்து ‘வாகன்’ என்ற தேசிய மென்பொருளில் ஏற்ற வேண்டியிருந்தது. பெருவாரியாக ஏற்றினார்கள், அதை மறுக்கவில்லை. ஏற்றாமல் விட்டதற்கு ‘பேக்லாக்’ என்று பெயர். பேக்லாக்கில் உள்ள வண்டிக்கு இணையத்தில் எதுவும் செய்ய முடியாது. எண்ணைத் தட்டினால் அப்படி ஒரு வண்டியே இல்லை என்று வரும். அதை ஏற்ற வேண்டுமானால் அலுவலகத்தில் அசல் ஆர்.சி.யையோ பழைய ஏட்டையோ காட்ட வேண்டும். இரண்டும் இல்லாதவனுக்கு வட்டம் அங்கேயே மூடிக்கொள்கிறது.

*

எங்கள் வீட்டுப் புல்லட் அந்த வட்டத்துக்குள்தான் நிற்கிறது. தாத்தா உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பம்ப்செட் ரிப்பேர் வேலை பார்த்தவர். வேறொரு மாவட்டத்தில் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கி, முறையாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். மோட்டார் காயில், பேரிங், கிரீஸ் டப்பா எல்லாம் கேரியரில் கட்டிக்கொண்டு சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் என்று சுற்றி வந்த வண்டி. ஆர்.சி. புத்தகம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. 2015 டிசம்பர் மழையில் ஓட்டு வீடு ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர் போய், புத்தகம் கூழாகிவிட்டது. அதற்கு முன்பே தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார்.

சித்தப்பா எல்லாவற்றையும் விதிப்படி செய்தார். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கினார். காவல் துறையில் புகார் கொடுத்துச் சான்று வாங்கினார். படிவம் 26, இறந்தவர் பெயரிலிருந்து மாற்றுவதற்கான படிவம் 31, இரண்டையும் நிரப்பி, அந்த வேறு மாவட்டத்து அலுவலகத்துக்குப் போனார். மூன்று தடவை போனபோது நானும் கூட இருந்தேன். அங்கிருந்த எழுத்தர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், அலமாரி அலமாரியாகத் தேடவும் செய்தார். கடைசியில் சொன்னார்: “சார், அந்த வருஷத்து ரிஜிஸ்டரே இங்க இல்ல. இல்லாததுக்கு நான் எப்படி சார் நகல் கொடுக்கறது?”

“அப்ப இல்லன்னு எழுதியாவது குடுங்க சார்,” என்றார் சித்தப்பா.

“அப்படி எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க.”

பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் இருப்பில் இல்லை என்று ஒரு வரி வந்தது. அதை எடுத்துக்கொண்டு போனால், இது தகவல்தான், இதை வைத்து எதுவும் செய்ய முடியாது என்றார்கள். எங்களிடம் பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியின் நகல் இருக்கிறது, வரி கட்டிய ரசீதுகள் இருக்கின்றன, 1983-இல் அத்தை கல்யாணத்தில் நம்பர் பிளேட் தெரிய எடுத்த போட்டோ இருக்கிறது. இன்ஜினிலும் சேசிஸிலும் எண்கள் தெளிவாக இருக்கின்றன, பாலிசியில் உள்ளவையும் அவையே. இவற்றை வாங்கிப் பார்க்கக்கூட எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சித்தப்பா கேட்டார்: “ஏன்டா, வண்டி இருக்குது, நான் இருக்கேன், நம்பர் இருக்குது. அவங்க புக்கு இல்லன்னா அதுக்கு நான் இன்னாடா பண்றது?”

*

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் தரவுத்தளம் படிக்கிற முதல் மாதத்திலேயே ஒரு பாடம் வரும். ஒரு கட்டத்தில் ‘ஆம்’ இருக்கலாம், ‘இல்லை’ இருக்கலாம், மூன்றாவதாக ‘நல்’ இருக்கலாம். நல் என்றால் தெரியாது என்று அர்த்தம். தெரியாது என்பதை இல்லை என்று எடுத்துக்கொண்டு புரோகிராம் எழுதினால் எங்கோ ஓர் ஓய்வூதியம் நின்றுபோகும், எங்கோ ஒரு நோயாளிக்குத் தவறான மருந்து போகும். பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்குத் தரவை மாற்றும்போது இது இன்னும் கடுமையான விதி. விட்டுப்போன வரிகளுக்கு மாற்றியவன்தான் பொறுப்பு. ‘உங்கள் கணக்கு எங்கள் புது சிஸ்டத்தில் வரவில்லை, ஆகவே உங்கள் பணம் இல்லை’ என்று ஒரு வங்கி சொன்னால் நாம் சும்மா விடுவோமா?

வண்டி விஷயத்தில் அரசு இதைத்தான் சொல்கிறது. எங்களுக்குத் தெரியாது என்பது, அப்படி ஒரு வண்டி இல்லை என்று ஆகிறது. இல்லாத வண்டி எதிரே நின்றால், அது திருட்டு வண்டியாக இருக்கலாம் என்று ஆகிறது. இந்த இரண்டு படிகளில் ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது. ஆனால் அபராதம் உண்டு. பதிவில்லாத வண்டியை ஓட்டினால் 192-ஆம் பிரிவின்படி முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய், அடுத்த தடவை ஓராண்டு வரை சிறைகூடப் போடலாம்.

பழைய ஏட்டிலிருந்து புது ஏட்டுக்கு மாற்றுவது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இடித்துக் கட்டச் சொன்ன முதலாம் ராஜராஜன், இடிப்பதற்கு முன் அங்கிருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னான். ராஜேந்திரன் காலத்தில் அவற்றை மறுபடியும் புதுச் சுவரில் வெட்டினார்கள். அதையும் கல்வெட்டிலேயே எழுதி வைத்தார்கள். சுவர் போனால் அதில் எழுதியிருக்கும் நிலமும் விளக்கெரிக்கிற ஆடும் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு கோயில் நிர்வாகம் செய்த மைக்ரேஷனை, கணினி வைத்திருக்கும் ஒரு துறை செய்ய முடியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

உத்திரமேரூர் என்றவுடன் எல்லோரும் குடவோலையைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், மேடையில் பேசுபவர்களுக்கு ரொம்பப் பிடித்தவை. அது பிரமதேயத்து பிராமணர்களின் சபை, ஊரார் எல்லோருக்குமான தேர்தல் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். நான் அந்தக் கல்வெட்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறொரு விதியை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவன் மட்டும் இல்லை, அவனுடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. கணக்கும் ஏடும் பொறுப்பில் இருப்பவனின் பாரம் என்பது அதன் பொருள். ஜனநாயகத்தின் தொட்டில் என்று அந்தச் சுவரைப் பாராட்டுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும்.

*

திருட்டு வண்டிக்கு வழி திறந்துவிடச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதிவுச் சட்டம் இருப்பதே ஒருவர் வண்டியை இன்னொருவர் தனதென்று சொல்லக் கூடாது என்பதற்காக. ஆனால் இன்றைய நிலைமை திருடனுக்கு எந்தத் தொந்தரவும் தரவில்லை. பழைய வண்டிச் சந்தையைத் தெரிந்த யாரிடமும் கேளுங்கள். காகிதம் இல்லாத வண்டிகள் ஒரு பக்கம், வண்டி இல்லாத காகிதங்கள் இன்னொரு பக்கம். விபத்தில் நொறுங்கிய வண்டி, காயலான் கடைக்குப் போன வண்டி, இவற்றின் ஆர்.சி.க்கு ஒரு விலை உண்டு. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு சுத்தியலும் எண் அச்சுகளும் போதும். பழைய எண்ணை அரத்தால் ராவிவிட்டுப் புது எண்ணை அடிப்பார்கள். சித்தப்பாவிடமும் ஒரு புரோக்கர் வந்து சொன்னான்: “அண்ணே, இதே மாடல் பேப்பர் ஒண்ணு இருக்குது, வண்டி இல்ல. நம்பர மட்டும் அடிச்சிக்கினா முடிஞ்சது.” திருடனுடைய வண்டியில் காகிதம் கச்சிதமாகத்தான் இருக்கும். காகிதம் இல்லாமல் மாட்டிக்கொண்டு நிற்பவர்களில் பெரும்பாலானவர்கள் நம்பரை அடித்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னவர்கள். நேர்வழியை அடைத்து வைத்திருப்பதால் அந்த சுத்தியல்காரனுக்குத் தினமும் வேலை கிடைக்கிறது.

உண்மையில் ஒரு வண்டியின் அடையாளத்தைக் கண்டுபிடிக்கக் காகிதம்தான் வேண்டும் என்பதில்லை. புல்லட்டின் சேசிஸ் எண் முன் ஃபோர்க் நுழைகிற கழுத்துப் பகுதியில் வெட்டியிருக்கும், இன்ஜின் எண் கிராங்க் கேஸில் இருக்கும். இன்றைய வண்டிகளைப் போலப் பதினேழு எழுத்து எண் இருக்காது. சின்னதாக, சற்றுக் கோணலாக, கையால் அடித்த எண்ணாக இருக்கும். அந்தக் கோணல்கூட ஓர் அடையாளம்தான். ஒரே ஆலையில், ஒரே அச்சில் அடித்த எண்களின் உருவமும் இடைவெளியும் ஒத்துப்போகும். எண்ணை ராவி எடுத்திருந்தால்கூடத் தடயம் முழுசாகப் போய்விடாது. அச்சால் ஓங்கி அடிக்கும்போது எண்ணுக்குக் கீழே உள்ள உலோகமும் அமுங்குகிறது. மேல்பரப்பை மெருகேற்றி அமிலக் கரைசலைத் தடவினால், அமுங்கிய இடம் மற்ற இடத்தைவிட வேறு வேகத்தில் அரிபட்டு, பழைய எண் மங்கலாக மேலே வரும். தடய அறிவியல் ஆய்வகங்களில் பல காலமாகச் செய்துவரும் சோதனை இது. இன்றும் பெயர் மாற்றும்போது சேசிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்துக் கேட்கிறார்கள். கல்வெட்டு ஆய்வாளர் சுவரில் மைப்படி எடுப்பது போன்ற வேலைதான். எடுத்த படியைப் படித்துப் பார்க்க ஆள் வைத்தால் போதும்.

ஆலையைக் கேட்கலாமே என்பார்கள். புதிய பதிவுக்கு 47-ஆவது விதி விற்பனையாளரின் சான்றைக் கேட்கிறது, அதாவது படிவம் 21. ராணுவம் கழித்த வண்டிக்கும் இறக்குமதி வண்டிக்கும் அங்கே தனி வழி சொல்லியிருக்கிறது. ஏடு தொலைந்த வண்டிக்கு இல்லை. 1960-களின் விற்பனையாளர் இன்று எங்கே? என்ஃபீல்டாவது பரவாயில்லை. 1955-இல் மதராஸில் தொடங்கியது, ரெட்டிட்ச் நகரில் இருந்த தாய் ஆலை 1967-இல் மூடிய பிறகும் இங்கே ஓடியது, இன்றும் ஓடுகிறது. வண்டலூர்ப் பக்கம் ஹெரால்டு கார் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இல்லை. மைசூரில் ஜாவாவும் யெஸ்டியும் செய்த ஐடியல் ஜாவா 1996-இல் மூடிவிட்டது. கதவு பூட்டிய ஆலையின் வாசலில் நின்று யாரிடம் சான்று கேட்பது?

பழைய வண்டிகள் புகை கக்குகின்றன, ஒழியட்டுமே என்று ஒரு குரலும் வரும். புகைக்குப் புகைச் சோதனை இருக்கிறது, ஓட்டத் தகுதிக்கு எஃப்.சி. இருக்கிறது. அதில் தேறாத வண்டியை நிறுத்துங்கள், எனக்கு ஒரு சண்டையும் இல்லை. பதிவு என்பது இன்னார் வண்டி இது என்று சொல்வது. சோதனைக்கே நிறுத்த முடியாதபடி அதை மறுப்பதால் காற்று சுத்தமாகிவிடாது.

நடப்பது என்ன என்று கிராமத்தில் வந்து பாருங்கள். பதிவில்லாத வண்டி நின்றுவிடுவதில்லை. கழனிக்கும் பால் சொசைட்டிக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பதிவு இல்லாததால் இன்ஷூரன்ஸ் இல்லை. அப்படி ஒரு வண்டி நாளை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை இடித்தால் இழப்பீடு எங்கிருந்து வரும்? பேர் மாற்றாமல் கைமாறிய வண்டி என்றால் இன்னொரு சிக்கல். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. எப்போதோ வண்டியை விற்று மறந்துபோன ஒரு கிழவரின் வீட்டுக்கு நோட்டீஸ் வரலாம். காகிதத்தை மறுப்பதால் பாதுகாப்புக் கூடுகிறது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

*

2021 ஜூலையில் மத்திய அரசு ‘விண்டேஜ்’ வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. பழைய வண்டிக்காரர்களின் பிரச்சினை தீர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. விதிகளை வாசித்துப் பார்த்தேன். இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு மட்டும். முதல் பதிவு நாளிலிருந்து ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிய அளவில் மாறியிருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருடம் செல்லும். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும், முன்பே எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். மாநிலத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரி, வண்டியைப் பார்வையிட ஒரு குழு. எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் பதிவு நாளை எப்படி நிரூபிப்பது? பழைய ஆர்.சி.யைக் கொண்டு வா என்கிறது விதி. இந்தியாவில் முன்பே பதிவான வண்டி என்றால் அதன் பழைய சான்று விண்ணப்பத்தோடு இருக்க வேண்டும். ஆர்.சி. இருப்பவனுக்கு எதற்கு இந்த விதி? அவனிடம்தான் எண்ணும் பெயரும் இருக்கிறதே. இல்லாதவனுக்கு இது உதவாது. மேலும் விண்டேஜ் எண் வாங்கிய வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறங்கலாம். பங்களாவின் போர்ட்டிகோவில் உறை போட்டு நிற்கும் காரை மனதில் வைத்து எழுதிய விதி இது. கேரியரில் பால் கேன் கட்டிய புல்லட்டை எழுதியவர்கள் பார்த்ததில்லை. இன்ஜின் இரண்டு தடவை மாறியிருந்தால் அதுவும் தகுதி இழக்கும். ஐம்பது வருடத்தை எட்டாத வண்டிகளின் கதி இன்னும் மோசம். 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட், முதல் வருடத்திலேயே பதிவான வண்டியாக இருந்தாலும் 2030 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அது பழைய வண்டியும் இல்லை, புதிய வண்டியும் இல்லை, வெறும் இரும்பு.

இங்கிலாந்திலும் இதே சிக்கல் வந்தது. அங்கே முன்பு ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் தனித்தனி ஏடு வைத்திருந்தது. எல்லாவற்றையும் ஸ்வான்சீ நகரில் ஒரே கணினிக்குக் கொண்டு போனார்கள். 1983-க்குள் அதில் ஏறாத வண்டிகள் தங்கள் எண்ணை இழந்தன, பழைய ஏடுகள் பலவும் அழிந்தன. அதோடு அவர்கள் கையைக் கழுவவில்லை. வி765 என்று ஒரு திட்டம் வைத்தார்கள். இன்ன வண்டிக்கு இன்ன எண் இருந்தது என்பதற்குப் பழைய ஏடோ வேறு சமகால ஆதாரமோ காட்டினால், அங்கீகரிக்கப்பட்ட வண்டி உரிமையாளர் மன்றம் ஒன்று வண்டியைச் சரிபார்த்துப் பரிந்துரைத்தால், பழைய எண்ணே திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணை வேறு வண்டிக்கு மாற்றி விற்க முடியாது. எண் வியாபாரம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. பழைய எண் தெரியாவிட்டால், வயதுக்கான சான்று காட்டி அந்தக் காலத்துக்குரிய ஓர் எண் வாங்கலாம். வயதோ அடையாளமோ தீர்மானிக்கவே முடியாத வண்டிக்கு ‘க்யூ’ என்று தொடங்கும் எண். ‘இது எது என்று எங்களுக்கு உறுதியாகத் தெரியாது’ என்று அரசே நம்பர் பிளேட்டில் எழுதிக் கொடுக்கிறது. நான் சொன்ன நல் என்பதற்கு ஒரு நம்பர் பிளேட்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பிணை வைத்து உரிமைச் சான்று வாங்கும் முறை இருக்கிறது. டெக்சாஸில் வண்டியின் மதிப்பைப் போல ஒன்றரை மடங்குக்குப் பிணை கொடுக்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் உண்மையான சொந்தக்காரர் யாராவது வந்தால் அந்தப் பிணையிலிருந்து ஈடு கிடைக்கும். யாரும் வராவிட்டால் பிணை முடிந்துவிடும். சந்தேகத்துக்கு ஒரு விலையும் ஒரு கெடுவும் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் சந்தேகத்துக்குக் கெடுவே இல்லை, அது சாகும்வரை தொடரும்.

*

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முதலாவது, ஏடு இல்லை என்றால் இல்லை என்று அலுவலகம் முப்பது நாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும். இரண்டாவது, அந்தக் கடிதம் இருந்தால் மாற்று ஆதாரங்களைப் பார்க்க வேண்டும். பழைய பாலிசி, வரி ரசீது, நம்பர் தெரியும் போட்டோ, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம். பிறப்பைப் பதிய நடுவர் விசாரிப்பது போல ஒரு விசாரணை. மூன்றாவது, வண்டியை நேரில் பார்த்து எண்களைச் சோதிக்க வேண்டும். விண்டேஜ் விதிகளுக்காகக் குழு அமைக்க முடிகிறபோது அதே குழு உத்திரமேரூருக்கும் ஒரு நாள் வரலாம். நான்காவது, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ தளத்தில் திருடுபோன வண்டிகளின் பட்டியலோடு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, பத்திரிகையில் அறிவிப்பும் கொடுக்க வேண்டும். ஐந்தாவது, இத்தனையும் தாண்டிய வண்டிக்கு, மூன்று வருடம் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, பிணையும் வாங்கிக்கொண்டு, தற்காலிகப் பதிவு. கெடு முடிந்தால் நிரந்தரம். இதற்கு மத்திய விதிகளில் திருத்தம் வேண்டும். 2021-இல் போர்ட்டிகோ கார்களுக்காகத் திருத்தியவர்களுக்கு அது எட்டாத காரியம் இல்லை.

இதில் எந்தக் கட்டத்திலும் திருடனுக்கு லாபம் கிடையாது. எண்ணைச் சோதிக்கவும் பத்திரிகையில் அறிவிக்கவும் மூன்று வருடம் காத்திருக்கவும் எந்தத் திருடனும் வரமாட்டான். அவனுக்கு சுத்தியல் போதும். வருபவன், காகிதத்தைத் தவிர எல்லாம் சரியாக வைத்திருப்பவன்.

சித்தப்பாவுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. புல்லட்டை மாதம் ஒரு தடவை உதைத்து ஸ்டார்ட் செய்து, வாசலிலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிடுகிறார். தெருவில் இறக்குவதில்லை, எடைக்குப் போடவும் மறுக்கிறார். அவர் கேட்பது சலுகை இல்லை. தன் அப்பாவிடம் வரி வாங்கிக்கொண்டு எழுதிய ஏடு எங்கே என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள், முதலில் ‘எங்களிடம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.